வேலிக்காரியும் நாலரை அங்குலச் சுவரும்

தாம்பரம் வந்த முதல் வாரம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் படம் மாட்ட அனுமதி கேட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். "அக்கா, இந்தச் சுவர் உங்கட பங்கோ, எங்கட பங்கோ?" நஸ்ரீன் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சுவர்ல என்னம்மா பங்கு? ஆணிதானே, அடிச்சுக்கோ." யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்க வேலியை யார் அடைப்பது என்று காணி உறுதியிலேயே, அதாவது நிலப் பத்திரத்திலேயே, எழுதியிருக்கும். அடுத்தவர் வேலியில் ஒரு தடியைப் பிடுங்கினால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. தாம்பரத்துக்காரரைக் கட்டிக்கொண்டு பீர்க்கன்கரணையில் மூன்றாம் மாடிக்கு வந்தபோது, அந்தப் பயமும் கூடவே வந்துவிட்டது.

பிறகு அம்மாவையும் அழைத்துக்கொண்டேன். பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலக்கையையும் முடக்கியிருந்தது. ஹாலில், நஸ்ரீன் அக்கா வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டோம். ஒரு காலை நான் சமையலறையில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். இடக்கையால் சுவரைத் தட்டியிருக்கிறார். பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நஸ்ரீன் அக்காவுக்குக் கேட்டது. அவர் ஓடிவந்து பெல் அடித்த பிறகுதான் பார்த்தேன். வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஹாலையும் சமையலறையையும் பிரிக்கும் சுவரை எடுத்தே தீருவது என்று முடிவுசெய்தேன். குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒரே போடாகப் போட்டார். "அபார்ட்மென்ட்ல சுவர் எல்லாமே பொதும்மா. ஒண்ண இடிச்சா மேல் வீட்டுக்காரங்க உங்க ஹாலுக்கு வந்துடுவாங்க." யாழ்ப்பாணத்து வேலிக்காரி என்னிடமா எல்லை பேசுவது? பத்திரத்தையும் வரைபடத்தையும் எடுத்துவைத்து, கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்தேன். அவர் தட்டினார், அளந்தார், வரைபடத்தோடு ஒப்பிட்டார். "இது நாலரை இன்ச் செங்கல் தடுப்பு. பாரமெல்லாம் தூண்லயும் பீம்லயும்தான் நிக்குது. வெளிச்சுவரும், ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கற ஒம்பது இன்ச் சுவரும்தான் பொது, அதை இடிக்கக் கூடாது. இது உங்களோடது, தாராளமா எடுங்க." எழுதியும் கொடுத்தார். சங்கக் கூட்டத்தில் அதை உரக்க வாசித்தேன். செயலாளர் கண்ணாடியை மாற்றிப் போட்டு இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முதல் செங்கல் விழுந்தபோது நான் விசிலடிக்காத குறைதான்.

இப்போது அடுப்படியில் நின்றே அம்மாவைப் பார்க்கிறேன். உப்புக் கூடினால் முகத்தைச் சுளித்துக் காட்டுகிறார். ஆனாலும் தினமும் காலையில், தலைமாட்டில் இருக்கும் அந்த ஒன்பது அங்குலச் சுவரை இடக்கையால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். நஸ்ரீன் அக்கா பதிலுக்கு இரண்டு தட்டுகிறார். என் ஆணியில் தொங்கும் யாழ்ப்பாணத்து வேலியின் படம் அப்போது லேசாக அதிர்கிறது. அந்தச் சுவரில் எங்கள் பங்கு எங்கே முடிகிறது என்று நான் இன்னும் அளக்கவில்லை.