அண்ணன் கொடுத்த ரத்தம்

கண்டி மாநகர சபையில் பிரேமிளாவுக்கு டெங்கு வேலை. மஹய்யாவைப் பகுதிச் சந்துகளில் வீடு வீடாக ஏறி, தண்ணீர் தேங்கிய பூச்சட்டியையும் பழைய டயரையும் கவிழ்க்கச் சொல்ல வேண்டும். போகிற வீடெல்லாம் ஒரே கேள்வி.

"மிஸ், பிளேட்லெட் கொறஞ்சா பப்பாசி இலைச் சாறு நல்லமாமே?"

"மொதல்ல டயர கவுத்துங்க. பப்பாசி மரத்துல அப்புறம் ஏறலாம்" என்பாள்.

அவளுக்குப் பிளேட்லெட் என்றுமே குறைந்ததில்லை. ஆனாலும் கலஹா தோட்டத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அட்டை கடித்த இடத்தில் நாள் கணக்கில் ரத்தம் கசிந்தது. பல் விழுந்தால் தலையணை நனைந்தது. பெரிய மனுஷியானபோது உயிரே போகப் பார்த்தது. பெரியாஸ்பத்திரியில்தான் காரணம் தெரிந்தது: ரத்தம் நிற்கப் பிளேட்லெட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்கு அவற்றின் மேல் கை போல ஒரு புரதம் இருக்க வேண்டும்; அது அவளுக்குப் பிறவியிலேயே இல்லை. சொந்தத்துக்குள் கட்டிய அப்பாவிடமும் அம்மாவிடமும் இருந்து வந்த குறை.

அண்ணன் யுகேஷ் அன்றே சட்டைக் கையை மடித்துவிட்டான். "எவன் ரத்தமோ எதுக்கு? நான் இருக்கேன்ல." அவனுடைய பிளேட்லெட் ஏறும்போதெல்லாம் அவளுக்கு ரத்தம் நின்றது.

பிள்ளைக்காவது இது வரக்கூடாது என்று அடம்பிடித்து, சொந்தம் எதுவுமில்லாத நாவலப்பிட்டி ரவிகுமாரைக் கட்டினாள். இப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

போன கிழமை யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளைக்கு உங்கட ரத்த வருத்தம் இராது."

பிரேமிளா சிரித்தாள். டொக்டரம்மா சிரிக்கவில்லை.

"அதுதான் அம்மா சிக்கல். அண்ணாவின்ர பிளேட்லெட்டில இருந்த கையை உங்கட உடம்பு முன்னம் கண்டதில்லை. எதிரியெண்டு நினைச்சு எதிர்ப்பைக் கட்டி வச்சிருக்கு. இனி ஆர் பிளேட்லெட் தந்தாலும் உங்கட உடம்பில நிக்காது. பிள்ளைக்கும் அந்தக் கை இருக்கும். எதிர்ப்பு அதுக்குள்ளயும் போகும்."

"போனா?"

"பிள்ளையின்ர பிளேட்லெட்டை அழிக்கும். வயித்துக்குள்ளயே மூளையில ரத்தம் கசியலாம். மருந்து குடுத்துப் பாப்பம். நம்பிக்கை தர எனக்கு ஏலாது."

ஞாயிற்றுக்கிழமை யுகேஷ் கலஹா பஸ்ஸில், ஒரு பை பீட்ரூட்டோடு வந்து இறங்கினான். ரவிகுமார் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"சாராயத்த விட்டுட்டேன் தங்கச்சி. பிரசவத்துக்கு எத்தன பை வேணும்னாலும் எடுக்கச் சொல்லு." நீட்டிய கையில் பழைய ஊசித் தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. "ஒம் புள்ளைக்கும் மாமன் ரத்தந்தான் ஓடும், பாரு!"

உள்ளே ஓர் உதை. பிரேமிளா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாண்ணே" என்றாள். "தேத்தண்ணி ஆறுது. குடிங்க."