உளுந்துக்குப் போட்ட பிரேக்

இங்கே பாரிஸுக்கு வெளியே, வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்ததும் என் கைபேசி எனக்கு மதிப்பெண் போடுகிறது. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். கார் காப்பீட்டுக் கம்பெனியின் செயலி அது. நான் எங்கே வேகமெடுத்தேன், எந்தத் திருப்பத்தில் வண்டியை ஒடித்தேன், எங்கே சட்டென்று பிரேக் போட்டேன், எல்லாம் அதற்குத் தெரியும்; யாருடைய வண்டி என்பது மட்டும் தெரியாது. சராசரி எழுபதுக்குக் கீழே இறங்கினால் அடுத்த ஆண்டு காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாமல் இந்த நாட்டில் வண்டியைத் தொட முடியாது. வண்டி இல்லையென்றால், ரயில் ஓடத் தொடங்குமுன் ஆரம்பிக்கும் என் ரொட்டித் தொழிற்சாலை வேலையும் இல்லை. ஆகவே வாத்தியாருக்குப் பயந்த பிள்ளை மாதிரி ஓட்டுகிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. சட்டைப்பையில் கிடக்கும் ஒரு பொருள் என் பாதத்தின் கனத்தை அறிந்து வைத்திருக்கிறதே என்ற வியப்புதான் இன்னும் அடங்கவில்லை.

பங்குனியில் எங்கள் ஊர் பாகூருக்குப் போயிருந்தேன். ஒரு மதியம் தம்பி குமரனின் மனைவிக்கு, சொன்ன தேதிக்கு முன்பே வலி கண்டுவிட்டது. குமரன் பதற்றத்தில் வீட்டுச் சாவியைக் கார் கதவில் திணித்துக்கொண்டிருந்தான். அவனைப் பின்சீட்டில் அவளோடு உட்காரவைத்துவிட்டு அவன் காரை நான் எடுத்தேன். வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆடு வந்தது, பிரேக் போட்டேன். சைக்கிள்காரர் குறுக்கே வந்தார், நின்று வழிவிட்டேன். கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் சாலையை அடைத்து உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்றுதான் நம்மூரில் ரோட்டில் போடுவது. பாரிஸ் பழக்கத்தில் என் கால் பிரேக்கை அழுத்திவிட்டது.

"இன்னாத்துக்குண்ணா நிக்கிற? மேல ஏத்து, உளுந்துதான" என்றான் குமரன், அழுகிற குரலில்.

ஏற்றினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

பாரிஸ் திரும்பிய பிறகுதான் செயலியைத் திறந்தேன். பாகூர் ஏரிக்கரை அதில் ஒரு கோடாக வளைந்து கிடந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கோ வானத்திலிருந்து அது எங்கள் கூடவே வந்திருக்கிறது. கோடு நெடுகச் சிவப்புப் புள்ளிகள். இது ஆடு, இது சைக்கிள்காரர், இது உளுந்து. குமரன் ஓட்டியிருந்தால் ஹாரனை அடித்துக்கொண்டே போயிருப்பான், ஒரு புள்ளிகூட விழுந்திருக்காது. எனக்கு நூற்றுக்கு முப்பத்தொரு மதிப்பெண். கீழே ஒரு கேள்வி: ஓட்டியது நீங்களா, உடன் சென்றவரா?

கம்பெனிக்குப் போன் செய்தேன். சாலையில் பருப்பு கிடந்தது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். லாரி கவிழ்ந்ததா, யாருக்காவது அடியா என்று அந்தப் பெண் பதறினாள். இல்லை, வேண்டுமென்றே பரப்பியது, அதன்மேல் ஏற வேண்டும், நான்தான் ஏறாமல் நின்றுவிட்டேன் என்றேன். பருப்புதானே என்று மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பிறகு, உடன் சென்றதாக அழுத்திவிடுங்கள், அந்தப் பயணமே அழிந்துவிடும் என்றாள் கனிவாக. என் மனைவி வசந்தியும் அதையேதான் சொன்னாள்.

"அழுத்திடுங்க. வேல போயிட்டா இன்னா பண்றது?"

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அப்பா போனபோது நான் இங்கே இருந்தேன். குமரன் கல்யாணத்தின்போதும் இங்கேதான் இருந்தேன். வீட்டுக்கு ஓர் அவசரம் என்றபோது நான் அங்கே இருந்தது அந்த ஒரு மதியம்தான். அதை அழிக்க மனம் வரவில்லை. நானே ஓட்டினேன் என்று அழுத்தினேன்.

சராசரி எழுபத்தொன்றில் நிற்கிறது. இனி ஒரு பிரேக் பிசகினாலும் போச்சு. நேற்று, இதுவரை ஓட்டிய எல்லாப் பயணங்களையும் சேர்த்துக் காட்டச் சொன்னேன். பாரிஸையும் பாகூரையும் ஒரே திரையில் கொண்டுவர வரைபடம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் இரண்டும் தெரிந்தன. இரண்டிலும் ஒரு தெருகூடத் தெரியவில்லை.