சிவப்பு வழியும் ரோஜாப் படம் போட்ட சீசாவும்

காலை எட்டுப் பத்துக்கு மீனம்பாக்கத்தில் இறங்கினோம். துபாய்க்கு நான் போய்வந்தது இது ஆறாவது தடவை. பொதட்டூர்பேட்டைக் கைலிகளின் மாதிரிகளை அங்குள்ள கடைகளில் காட்டி ஆர்டர் பிடிப்பது என் தொழில். சுங்கத்தில் எதைக் காட்ட வேண்டும், எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த முறை அங்கே வேலை பார்க்கும் என் அக்காவின் கணவரும் விடுமுறைக்காகக் கூட வந்தார். எங்கள் பக்கத்தில் அந்த உறவுக்குப் பாவா என்று பெயர்.

பெட்டிக்காகக் காத்திருக்கும்போதுதான் பாவா என் காதைக் கடித்தார்.

"மச்சான், பையில மூணு சீசா கீது. வேப் தண்ணி."

சிகரெட்டுக்குப் பதிலாக, பேனா போன்ற கருவியில் ஊற்றி இழுக்கிற நிகோட்டின் திரவம் அது. துபாயில் கடையில் வாங்கலாம். இந்தியாவுக்குள் ஒரு சீசாகூடக் கொண்டுவரக் கூடாது. தீர்வை கட்டி எடுத்துப்போகும் பேச்சே கிடையாது.

"பொகையை வுட்டுட்டேன்னு அக்காகிட்ட சொன்னீங்களே பாவா?"

"இது பொகையா? ஆவி மச்சான். இட்லிப் பானையில வர்றதில்ல, அது மாதிரி."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் புகையை விட்டால் திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவதாக அக்கா வேண்டியிருந்தாள். விட்டாயிற்று என்று போனில் இவர் சொன்னதை நம்பி, மறுநாள் காலைக்கு எல்லாம் தயார் செய்துவிட்டாள். அவளுக்கு இட்லிப் பானைக் கதை சொல்ல முடியுமா?

காட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நழுவப் பார்த்தவரின் கையைப் பிடித்து, இருப்பதைச் சொல்லிக் காட்டும் சிவப்பு வழிக்கு இழுத்துப் போனேன். அதிகாரி மூன்று சீசாவையும் எடுத்து மேசைமேல் நிறுத்தினார்.

"இழுக்குற கருவி எங்க?"

"அங்கியே தூக்கிப் போட்டுட்டேங்க."

"வேற எதாவது இருக்கா?"

பாவா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "எதுவும் இல்லைங்க சார். அதுக்கு நான் பொறுப்பு."

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, சரக்கை வைத்துக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார். சட்டம் தெரிந்தவன் கூட இருந்தால் முக்கால் மணி நேரத்தில் வேலை முடியும் என்று வெளியே வந்து பாவாவிடம் பீற்றிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு சென்ட்ரலில் திருத்தணி மின்ரயில். டிக்கெட் இருபது ரூபாய், தூரம் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். திருவாலங்காடு தாண்டும்போது கரும்பு லாரிகள் ரயில்வே கேட்டில் வரிசையாக நின்றன. பாவா பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை. திருத்தணியிலிருந்து ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது கொடுத்து, கே.ஜி.கண்டிகையில் உள்ள அக்கா வீடு சேர்ந்தோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மலையடி. அக்கா முதல் படியில் குந்தி உட்கார்ந்தாள். படியைத் துடைப்பது, பன்னீர் தெளிப்பது, மஞ்சள் குங்குமம் வைப்பது, கற்பூரம் ஏற்றுவது, அடுத்த படி. நான் தண்ணீர்க் குடத்தோடும் பாவா கற்பூர டப்பாவோடும் பின்னால் ஏறினோம். ஏழரைக்கு நூற்றிருபதாவது படியில் அக்கா நிமிர்ந்தாள்.

"இன்னாங்க பன்னீர் இது? வாசனை நல்லாதான் கீது. கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது."

பாவா திரும்பிப் பார்த்தார். அவளுடைய கையில் ரோஜாப் படம் போட்ட குட்டிச் சீசா. நம் ஊர்ப் பன்னீர் தீர்ந்ததும், பாவாவின் துணிப் பையில் கிடந்ததை எடுத்துக்கொண்டாளாம். புருஷன் துபாயிலிருந்து சாமிக்கு வாங்கி வந்தது என்று நினைத்திருக்கிறாள்! பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, சுங்கத்தில் காட்டாத நாலாவது சீசா. குடத்தைச் சாய்த்து முதலில் அவள் கையைக் கழுவிவிட்டேன். நிகோட்டின் தோலில் இறங்கினால் தலை சுற்றும்.

"அக்கா, அது பன்னீர் இல்ல."

"அப்பறம் இன்னாது?"

பாவா படியிலேயே உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, சீசாக் கதையை மிச்சம் வைக்காமல் சொன்னார். இட்லிப் பானையை மட்டும் விட்டுவிட்டார். அக்கா மஞ்சள் கிண்ணத்தை அவர் மடியில் வைத்தாள்.

"எத்தினி படி இத்த தெளிச்சேனோ, தெரியல. கீழ போங்க. மொதப் படியிலேர்ந்து கழுவிகினு நீங்களே வைங்க. நான் கூட வரேன்."

ஆயுத பூஜைக்குக்கூடக் குனியாத மனிதர் படிப்படியாகக் குந்தி ஏறினார். நான் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினேன். அதிகாரியிடம் நான் கொடுத்த வாக்குக்கு அந்தச் சுமை போதாது என்றுதான் தோன்றியது. வெட்கமாக இருந்தது. என் கைலி வியாபாரத்தில் ஒரு மீட்டர் துணியைக்கூட நான் எண்ணாமல் ஒப்புக்கொண்டதில்லை.

பதினொன்றே காலுக்கு உச்சி. பாவாவின் முட்டி இரண்டும் மஞ்சளாகியிருந்தன. முடி இறக்கும் இடத்தில் அவர் உட்காரப் போனபோது அக்கா குறுக்கே நின்றாள்.

"வேற எதுனா இருக்குதா?"

சுங்கத்தில் கேட்ட அதே கேள்வி. இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை. பாவா வேட்டி மடிப்பிலிருந்து அந்தப் பேனாக் கருவியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.