குஞ்சம் வைத்த மிதவைச் சட்டை

அறுபதுகளில் திண்டுக்கல் மீன் ஆபீசில் நான் ஃபீல்டு அசிஸ்டென்ட். கடல் இல்லாத ஊரில் என்ன மீன் ஆபீஸ் என்று பெண் கொடுத்த மாமனாரே கேட்டார். ஆத்தூர் அணையில் பரிசலில் போய் வலை வீசிப் பிழைத்தவர்களை அவருக்குத் தெரியாது.

அவர்களில் ஒருவன் சின்னக்காளை. முந்தைய ஆண்டு பரிசல் கவிழ்ந்து அவன் தம்பி இறந்துபோனான். நீச்சல் தெரிந்தவன்தான், வலை சுற்றிக்கொண்டால் நீச்சல் எடுபடாது. அதன்பிறகே மிதவைச் சட்டை ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் நிதி வந்தது. சட்டைக்குள் அடைக்க இலவம்பஞ்சு; லேசில் நனையாது, நன்றாக மிதக்கும். சோதனை தேறினால் கடல் மீனவர்களுக்கும் சேர்த்து நிதி. தேறாவிட்டால் ஃபைலை மூடிவிடுவதாக மெட்ராஸ் ஆபீசர் சொல்லிவிட்டார்.

பேகம்பூரில் மெத்தை தைக்கும் மீரான் பாயிடம் வேலையைக் கொடுத்தேன். சட்டை வந்தது. மார்பு முழுக்க வரிசையாகச் சிவப்பு நூல் குஞ்சம்.

"எதுக்கு பாய் இது?"

"பஞ்சு ஒதுங்காம இருக்க இழுத்துத் தச்சிருக்கேன் தம்பி. குஞ்சம் வைக்காம எங்கடையில இருந்து ஒண்ணும் வெளிய போனதில்ல."

பார்க்க அழகாகத்தான் இருந்தது. யாருக்கும் குறை தெரியவில்லை.

சோதனையன்று ஆபீசர் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஏலே, மாப்பிள்ளைக் கோலம்ல இது" என்று சட்டையை மாட்டி நின்ற சின்னக்காளையைக் கூட்டாளிகள் கேலி செய்தார்கள். வீச்சுவலையில் பாதியைத் தோளில் போட்டு, உடம்பை முறுக்கி வீசுவது அவர்கள் பழக்கம். அவனும் பரிசலில் நின்று அப்படித்தான் வீசினான். வலைக்கண்ணி குஞ்சத்தில் மாட்டியது. வலை போன வழியே அவனும் போனான்.

கரையில் நின்ற மீரான் பாய் கைலியோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். பிறகு சிவப்புக் குஞ்சங்கள் மேலே வந்தன. கைகாலெல்லாம் வலை சுற்றியபடி, சின்னக்காளை மல்லாந்து மிதந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டாளிகள் இழுத்துவந்து கரை சேர்த்ததும், "என்னப்பா ஆச்சு?" என்றார் ஆபீசர்.

"தள்ளி விட்டதும் இதுதேன், தூக்கி விட்டதும் இதுதேன் சார்."

ஆபீசர் சிரித்துவிட்டார். நிதிக்கு அங்கேயே ஒப்புக்கொண்டார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எதைத் தைத்தாலும், போடுகிறவனை முதலில் அவன் வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அன்று கரையிலேயே மீரான் பாய் வாடிய முகத்தோடு குஞ்சங்களை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தார். சின்னக்காளை அவர் கையைப் பிடித்தான்.

"வலை படாத எடமாப் பாத்து ஒண்ண விட்ருங்க பாய். என் தம்பி எங்க கெடக்கான்னே தெரியாமத் தேடுனோம். செவப்புத் தெரிஞ்சா வெரசா வருவாங்க."