இடது கைக்கு ஒரு விசை

அத்தானின் லெப்டொப்பில், எஸ்கேப் விசைக்கு நேர் கீழே இருந்த சின்ன விசையில் அக்கா சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். விஜயதசமிப் பூசைக்கு என் சைக்கிள் கடையின் ஸ்பேனர்களுக்கும் அப்படித்தான் வைப்போம். லெப்டொப்பில் மட்டும் அந்த ஒரு விசைக்கே வைத்ததற்குக் காரணம் இருந்தது.

அக்காவின் கணவரான அத்தான், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு சிறிய கம்பனியில் புரோகிராம் எழுதுபவர். பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் மெல்ல மெல்ல எழுதிவிடுவார். ஆனால் எழுதிய புரோகிராமைக் கொம்பைல் செய்து, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, கீழ்மூலையில் இருக்கும் கொன்ட்ரோலையும் மேல்வரிசை எஃப் ஒன்பதையும் ஒன்றாக அழுத்தவேண்டும். ஒரு கைக்கு எட்டாது. ஒவ்வொரு முறையும் அக்கா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து ஒன்றை அழுத்துவாள், இவர் மற்றதை.

"மனிசியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எந்தக் கந்தோரில வேலை செய்யிறது?"

"நானும் வாறன். சம்பளத்தில பாதியைத் தாங்கோ."

புரோகிராம் எழுதும் எடிட்டரில் இந்தக் குறுக்குவிசைகளை நம் விருப்பப்படி மாற்றலாம் என்பது அவருக்குத் தெரிந்ததுதான். நோய்க்குப் பிறகு எதையும் தொடங்க மனம் வராமல் இருந்தார். ஒருநாள் அவர் சொல்லச் சொல்ல நான் மவுஸைப் பிடித்தேன். விசைப் பட்டியலில் கொம்பைல் என்ற வரியைத் தேடி, பழைய விசைகளை நீக்கி, அவர் வேலைக்குத் தேவைப்படாத அந்தச் சின்ன விசையைக் கொடுத்தோம். ஒரு தட்டு. ஓடியது. ஓலெவலோடு படிப்பை நிறுத்திய எனக்கு மற்றதெல்லாம் விளங்கவில்லை. கோயிலில் இருக்கும் அம்மாளாச்சியே அந்த விசையில் வந்திருந்தாள் என்றே நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும்.

பூசைக்கு அடுத்த நாள் முதலாளி வந்தார், இவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கலாமா என்று பார்க்க. அத்தான் விசையைத் தட்டினார். சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. அழுத்திய விசை மேலே எழும்பவில்லை. கொம்பைல் முடிய முடிய மறுபடி தொடங்கியது.

"என்ன தம்பி, நிக்காதோ இது?" என்றார் முதலாளி.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. நான் கையை நீட்டினேன்.

"விடு, நான் பாக்கிறன்" என்றார் அத்தான்.

நகத்தால் விசையின் மூடியை நெம்பிக் கழற்றிப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். ஓட்டம் நின்றது. இடது கையாலேயே மவுஸைப் பிடித்து, அதே வரியைத் தேடிப் போய், வேலையை எஃப் இரண்டுக்கு மாற்றினார். அது வேறொன்றுக்கு உரிய விசை, மாற்றவா என்று கேட்டது லெப்டொப். ஓம் என்று கொடுத்தார். நேரம் எடுத்தது. பிறகு தட்டினார். ஒருமுறை ஓடி, ஒழுங்காக நின்றது.

"உந்த விசையளை இப்பிடி மாத்த ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார் முதலாளி.

"ஒருத்தரும் இல்லை. வேணுமெண்டால் உங்கட கொம்பியூட்டரிலயும் மாத்தித் தாறன்."

முதலாளி சிரித்துக்கொண்டு எழும்பினார். வாசலில் செருப்பைப் போட்டபடி, "அப்ப திங்கட்கிழமை வந்து மாத்தித் தாங்கோ" என்றார்.

அத்தான் இன்றும் அந்தக் கம்பனிக் கந்தோருக்குத்தான் போகிறார். முதலாளியின் கொம்பியூட்டரை இதுவரை ஒருவரும் தொடவில்லையாம்.