கல்லறைக்குக் கேட்ட படம்

லான்மடாவில் போட்டோக்கடை வைத்திருக்கும் சூசைராஜிடம் படம் எடுத்துக்கொள்பவர்கள் சிரிக்கக் கூடாது. பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும் உள்ள அந்த விதியை மனிதர் கல்யாணப் படத்துக்கும் வைத்திருந்தார். அப்பேர்ப்பட்டவரிடம்தான், மொய்ங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ் கடை போடும் விக்டோரியா ஒரு படம் கேட்டு வந்தாள்.

நர்கிஸ் புயலில் அவள் புருஷனும் மகளும் ஊரோடு போய்விட்டார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று எல்லாரும் மெழுகுவர்த்தியோடு கிளம்பும்போது அவளுக்குப் போய் நிற்க ஓர் இடமில்லை. பதினேழு வருஷமாக இப்படித்தான்.

"ஊருல மிச்சமிருக்குற எங்க வீட்டுப் படியக் கறுப்பு வெள்ளையில எடுத்துக் குடுங்கண்ணே. அதையே கல்லறையா வச்சுக்கிறேன். எனக்குப் போய்ப் பாக்கத் தெம்பில்ல."

வெடுக்கென்று பேசும் சூசைராஜ் அன்று "சரி தங்கச்சி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கப்பலில் வேலை பார்க்கும் மருமகன் எப்போதோ கொண்டுவந்த பிலிம் சுருள்கள் அலமாரியில் இருந்தன. ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கியாக்தான் படகுத்துறையிலிருந்து அவள் ஊருக்குப் படகில் மூன்று மணி நேரம். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. படகு நகர்கிறதா, கரை நகர்கிறதா என்றே தெரியவில்லை. இறங்கினால் இடுப்பளவு புல், புல்லுக்குள் வீடில்லாத சிமெண்டுப் படிகள். மாதா கோயிலுக்கு முன்சுவர் மட்டும் மிச்சம், அதன் வாசலுக்குள் வானம். சூசைராஜ் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார். தூக்கத்தில் நடப்பது போல நடந்து, விக்டோரியா சொன்ன மூன்று படியையும் உடைந்த தண்ணீர்த் தொட்டியையும் கண்டுபிடித்தார். அந்தப் படியை ஆறு முறை எடுத்தார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் குளியலறை இருட்டில் பிலிமைக் கழுவிப் படம் போட்டார். மூன்று படியிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, உடம்புக்குள் புல் தெரிந்தது. ஒருத்திக்கு முன்பல் இல்லை.

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகுதான் உறைத்தது. போன மாதம் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மைப் பிள்ளைகளைக் கோயில் படியில் உட்காரவைத்து எடுத்த சுருள் இது. புதுசோடு கலந்துவிடாமல் இருக்க, எடுத்து முடித்த சுருளின் நுனியை மடித்து வைப்பது அவர் வழக்கம். அன்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று உபதேசியாரோடு சண்டை போட்டதில், மடிக்க மறந்து அலமாரியில் போட்டுவிட்டார். அதன்மேலேயே ஊரையும் எடுத்திருக்கிறார்.

அன்றே மறைக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார். விக்டோரியா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"யாருண்ணே இந்தப் பிள்ளைங்க?"

"நம்ம பங்குப் பிள்ளைங்கதான். என் தப்பும்மா."

"எல்லாம் நல்லாயிருக்குங்களா?"

"காலையிலகூடப் பந்தடிச்சு என் ஜன்னல் கண்ணாடிய ஒடச்சதுங்க."

"அப்ப மெழுகுவத்தி ஏத்த முடியாதேண்ணே. உயிரோட இருக்குற பிள்ளைங்க படத்துக்கு முன்னால ஏத்தலாமா?"

சூசைராஜ் படத்தை வாங்கக் கை நீட்டினார். "அடுத்த வாரமே திரும்பப் போறேன், தங்கச்சி. யாருமில்லாம எடுத்துட்டு வர்றேன்."

"வேணாம்ணே." படத்தை அவள் திருப்பித் தரவில்லை. "படி சும்மா கெடக்கும்னுதான் கல்லறைன்னு நெனச்சேன். இதுல பிள்ளைங்கல்ல ஒக்காந்திருக்குது."

மறுநாள் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி பெட்டியிலேயே இருந்தது. படம் இப்போது மொய்ங்கா கடையில் தொங்குகிறது. சாப்பிட வருகிறவர்கள் என்ன இடம் என்று கேட்டால், எங்கள் ஊர் என்கிறாள்.