எண்ணெய் என்று சொன்னவன் நான்

நெடுந்தீவில் நான்கு அறைக் கல்வீடு கட்டியவன் நான். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரே சிரித்த காணியில் குடிக்கத்தக்க கிணறு வெட்டியவனும் நான்தான். கூலிக்கு மாடு மேய்த்தவன், பிறகு பட்டி நிறைய மாடு வைத்தேன். இயந்திர வள்ளமும் ஒன்று செய்வித்தேன். படித்தது மூன்றாம் வகுப்பு. எவனும் எனக்கு ஒரு கல் தூக்கித் தரவில்லை. இதைப் பெருமைக்குத்தான் எழுதுகிறேன், வெட்கமில்லை. ஆனால் இவற்றைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்திருக்கிறேன். அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிந்திய காலம். என் கடைக்குட்டி மகளுக்கு இரண்டு வயது ஆகவில்லை. தடிமன் பிடித்துச் சளி கட்டியது. மனைவியின் தமக்கை எங்களோடுதான் இருந்தார். கன்றுகளுக்கு மருந்து பருக்குவது அவர்தான். தலையை அண்ணாத்திப் பிடித்து, மூங்கில் குழலை வாயில் வைத்து, ஒரே ஊற்று. அன்று உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் குழந்தைக்கும் அப்படியே, மூக்கைப் பொத்திக்கொண்டு கரண்டியால் ஊற்றினார்.

“மச்சாள், பிள்ளை கத்துது. மெல்லப் பருக்கும்.”

“நீர் போய் வள்ளத்தைப் பாரும். ஒரு பட்டி மாட்டுக்கண்டு வளர்த்த எனக்கு இந்தக் கண்டை வளர்க்கேலாதே?”

மகளுக்குப் புரையேறியது. கண் பிதுங்க இருமினாள். பிறகு அடங்கிவிட்டாள். சுகம் என்று நினைத்தோம். மறுநாள் காய்ச்சல் கொதித்தது. அதற்கடுத்த காலை, மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவள் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது.

மனைவியும் மச்சாளும் ஏற, ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்கு வள்ளத்தை எடுத்தோம். அயலவர் ஒருவர் சுக்கானைப் பிடித்தார். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டேன். கடற்படைப் படகைக் கண்டால் நெஞ்சு நின்றுவிடும் நாட்கள் அவை. நான் கடலைப் பார்க்கவேயில்லை. அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது அசையாமல் போய்விடுமோ என்று.

“இஞ்சாருங்கோ, காத்துப் படாமல் தறப்பாள் மறைப்புக்குள்ள கிடத்துங்கோ,” என்றாள் மனைவி.

கிடத்தினோம். மூச்சு விக்கியது. வாரி எடுத்து என் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தேன்.

“கிடத்தேலாது. விடும்!”

கரை சேரும் வரை இறக்கவில்லை. நெடுந்தீவுக் கடலில் எத்தனையோ புயலைக் கண்டவன், அன்று அந்தச் சின்ன மூச்சுக்குப் பயந்து செத்தேன்.

ஆசுபத்திரியில் வைத்தியர் கேட்டார்: “வீட்டில வாயால ஏதும் குடுத்தனீங்களோ?”

“சுடுதண்ணி மட்டும்தான் ஐயா,” என்றாள் மனைவி. மச்சாள் அவள் பின்னால் ஒதுங்கினார். மனைவி என் காதுக்குள் சொன்னாள்: “அக்காவைக் காட்டிக் குடுக்காதேங்கோ.”

நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அப்போது தாதி பாணி மருந்தைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு வந்தார். கரண்டியைக் கண்டதும் மகள் என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். நான் கத்திவிட்டேன்:

“ஐயா, எண்ணெய் பருக்கினது! மூக்கைப் பொத்திப் பருக்கினது. புரையேறினது!”

வைத்தியர் கரண்டியைத் தடுத்தார். “இனி வாயால ஒரு துளியும் வேண்டாம். எண்ணெய் சுவாசப்பைக்குள்ள போயிருக்குது. நான் வெறும் சளி எண்டெல்லோ நினைச்சனான்!”

மூச்சுக்குக் குழாய் வைத்து, உடனே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். அங்கே நெஞ்சைப் படம் பிடித்தார்கள். சுவாசப்பையில் எண்ணெயும் இருந்தது, அதன்மேல் கிருமியும் பிடித்திருந்தது. பல கிழமைகள் பயத்தோடே கிடந்தோம். பிழைத்தாள்.

மச்சாள் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. மனைவி நயினாதீவு அம்மனுக்குப் பொங்கினாள். இப்போது மகளும் தன் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறாள்: அம்மன் காப்பாற்றினாவாம், வைத்தியர் காப்பாற்றினாராம்.

சரி, அம்மனுக்குப் பொங்குங்கள். வைத்தியரைக் கும்பிடுங்கள். ஆனால் கரண்டி உன் வாய்க்குக் கிட்ட வந்தபோது வாயைத் திறந்தவன் உன் அப்பன், மகளே. அடுத்த முறை கதை சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல். நான் இருக்கும்போதே, என் காது கேட்கச் சொல்.